ஜீப்புல மட்டும்

கொண்டை ஊசி: அத்தியாயம் பதினான்கு

மணி அண்ணன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் சாமைக் கஞ்சி காய்ச்சுவதில்லை.

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. சாமைப் பானையை மட்டும் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நாங்கள் அரிசிச் சோறு தின்கிறோம். யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேற்று வரைக்கும்.

பிலால் அண்ணனிடமிருந்து போன் வந்ததைப் போன வாரம் சொல்லியிருந்தேன். "நேர்ல வந்துதான் சொல்லணும் நதியா, போன்ல வேணாம்" என்று வைத்துவிட்டார். அவர் வந்த நாளைப் பற்றித்தான் இந்த வாரம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் நைனா ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதூர்நாட்டுக்கும் நெல்லிவாசலுக்கும் நடுவே ஆள் ஏற்றும் ஜீப். உள்ளே பத்து பேர், பின்னால் தொங்குகிறவர்கள், மேலே புளி மூட்டை, மூட்டைமேல் இன்னும் இரண்டு பேர். வண்டியைக் கிளப்பியதும் பாட்டு கேட்கும். ஒரே பாட்டு. அண்ணன் கடைசியாகப் பாடியது. வீட்டு வளைவு தாண்டிய பிறகுதான் போடுவார். அம்மா காதில் விழக்கூடாது என்று.

"பிலாலு வர்றான்னு சொன்னியே, எப்போ?" என்றார்.

"மத்தியானம் நைனா."

"இருக்கச் சொல்லு. நான் வந்துடுறேன். அவன் வந்தா மணி வந்தாப்ல இருக்கும்."

அம்மா வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு வர்றானாம்?"

"தெரியலம்மா."

தெரியும். பாதிதான் தெரியும்.

நைனா கிளம்பியதும் டவர் பாறைக்கு ஏறினேன். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு பாறைமேல்தான். அண்ணனின் ராக் இசைக்குழுவுக்குக் 'கொண்டை ஊசி' என்று பேர். எங்கள் மலை ரோட்டு வளைவுகளை நினைத்து வைத்தது. அதன் ரசிகர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் நானும் இருக்கிறேன். நான் பாடகனின் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றும் அதே சண்டை. அண்ணனின் கடைசிப் பாட்டு வெளிவரும் முன்பே திருட்டுத்தனமாக இணையத்தில் பரவியது. ஒப்பந்தம் போட்டிருந்த சென்னைக் கம்பெனி கைவிரித்தது. சில வாரங்களில் அண்ணனும் போய்விட்டான். கம்பெனி போட்ட வழக்கு மட்டும் போகவில்லை.

'சட்டப்படி ஜெயில் உண்டு, தெரியுமா?' என்று ஆரம்பித்தவர் பேர் தலைகீழ் டிரம்.

'யாருக்கு? வெளிய வுட்டவனுக்கா, கேட்டவனுக்கா?'

'கேட்டவனுக்குன்னா இந்தக் குரூப்பு மொத்தமும் உள்ள போவணும். வேலூர் ஜெயில்லயே கச்சேரி வச்சிடலாம்.'

'சிரிக்காதீங்கடா. அந்த மனுசன் இன்னா சொன்னாரு? என் பாட்டக் காப்பி அடிக்கிறவன் என் வூட்டு அடுப்புல தண்ணி ஊத்துறான்னு சொன்னாரா இல்லியா?'

'சொன்னாரு. சொல்லிச் சொல்லித்தான் பாதிப் பேரப் பகச்சிக்கினாரு. பாடகன் பாடுனாப் போதாதா?'

'பேச பயப்படுறவன் இன்னாத்துக்கு ராக் பாடணும்? தாலாட்டு பாடட்டும்.'

அண்ணன் வாய் அப்படி. மேடையில், பேட்டியில், டீக்கடையில், எங்கும் ஒரே பேச்சுத்தான். ஒருமுறை, கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிறவர்கள் பின்னணியில் தன் பாட்டை ஓட்டுகிறார்கள் என்று பேர் சொல்லித் திட்டிவிட்டான். அதில் வாணியம்பாடி ஒவைஸின் சேனலே முடங்கியது. அந்த ஒவைஸ் இப்போது குழுவுக்குள் வந்தார்.

'எல்லாரும் என்னயத்தான சந்தேகப்படுறீங்க? பிலாலும் நானும் ஒரே ஊரு, அவன் எனக்குக் குடுத்தான், நான் பழிவாங்கப் பரப்பினேன். அதான கத?'

'உன் கேம் லைவ்லதானப்பா அந்தப் பாட்டு மொதல்ல கேட்டுச்சு?'

'கேட்டுச்சு. நான் போடல. என் டீம்ல ஆடுனவன் ஒருத்தனோட மைக்ல பின்னாடி ஓடுச்சு. அவன் யாருன்னே தெரியாது. ஜவ்வாது புலின்னு பேரு வச்சிருந்தான்.'

'புலி பாட்டு கேட்டுக்கினே சுட்டுச்சாக்கும்!'

சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. ஒவைஸ் கடைசியாக ஒன்று எழுதினார்.

'அவரு என்னயத் திருடன்னு சொன்னாரு. கோவந்தான். ஆனா அந்தத் திருட்டுக் காப்பிய நான் முழுசா கேட்டது கெடையாது. நீங்கதான் மனப்பாடமா பாடிக்கினு இருக்கீங்க.'

நானும் அந்தக் காப்பியைக் கேட்டதில்லை. எனக்கு ஜீப் இருந்தது. ஜவ்வாது புலி என்ற பேர் மட்டும் மனதில் முள்ளாகக் குத்தியது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பிலால் அண்ணன் வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஜீப்பில் போகும் மாலை வகுப்புக்கு நான் அன்று போகவில்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். கழற்றியபோது முகம் பாதியாக இளைத்திருந்தது. குழுவின் கிடார் அவர்தான். அண்ணன் போன பிறகு அதைத் தொடவில்லை, தோல் கம்பெனியில் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள் அம்மா. வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

"ஆச்சும்மா."

"பொய் சொல்ற. உன் மூஞ்சியே சொல்லுது. ஒக்காரு."

அவள் உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கெழம சைபர் போலீஸ்ல வரச் சொல்லிக்கிறாங்க நதியா. பாட்டக் கம்பெனிக்கு அனுப்பினது நானு. அதனால வெளிய வுட்டதும் நாந்தான்னு சொல்றாங்க."

"நீங்க இல்லன்னு தெரியும்ணா."

"உனக்குத் தெரியும். மணிக்குத் தெரியலியே." அவர் ஹெல்மெட்டைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "பாட்டு லீக் ஆனதும் மொத சந்தேகம் எம்மேலதான். மூஞ்சி குடுத்துப் பேசல. திருட்டுக் காப்பிய யாரும் தொறக்கக் கூடாதுன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கினான். அவனும் தொறக்கல. நானும் தொறக்கல."

"அப்புறம்?"

"போன வாரம் போலீஸ்ல இருந்து போன் வந்ததும் தொறந்து கேட்டேன். கேட்டதும் கையும் ஓடல காலும் ஓடல. அந்தக் காப்பி எப்டி ஆரம்பிக்குது தெரியுமா? உங்க அம்மா கொரல்ல."

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "ஆமா. டேய் மணி, கஞ்சி ஆறுது, வந்து குடிச்சிட்டுப் போடான்னு. பாட்டே அப்டித்தானண்ணா ஆரம்பிக்கும்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நானும் அந்தத் திருட்டுக் காப்பியைத் திறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இல்ல நதியா. வூட்ல அவன் பாடிப் பதிவு பண்ணப்ப அம்மா கூப்ட்டது உள்ள வந்துடுச்சு. கம்பெனிக்காக அத வெட்டிட்டுத்தான் எங்கிட்ட குடுத்தான். எங்கிட்ட அந்தக் கொரலு கெடையவே கெடையாது. லேப்டாப்பப் பாத்தா போலீஸுக்கே தெரியும்."

"அப்ப நீங்க தப்பிச்சிடுவீங்கல்ல?"

"நான் தப்பிப்பேன்." ஹெல்மெட் நின்றது. "வெட்டாத காப்பி ஒரே ஆளுகிட்டதான் இருந்துச்சு. மணிகிட்ட. நான் வாயத் தொறந்தா அவந்தான் வெளிய வுட்டான்னு ஆயிடும். ஊரெல்லாம் திருடன் திருடன்னு கத்துனவன், கடைசில அவனே திருடன்னு எழுதுவாங்க. செத்தவன் வந்து பதில் சொல்வானா? அதான் உங்களக் கேக்க வந்தேன். சொல்லவா, வேணாமா?"

வெட்டாத காப்பி இன்னொருவரிடம் இருந்தது. தினமும் ஜீப்பில் அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் வகுப்புக்குப் போய்வந்தேன்.

ஜவ்வாது புலி. எங்கள் ஜவ்வாது மலையில் பாதிப் பேருடைய போனில் அந்தப் பாட்டு உண்டு. எங்கள் பக்கம் அதைப் 'பாட்டு ஏத்துறது' என்பார்கள். போனை நீட்டினால் ஏற்றித் தருவார்கள். அதற்குத் திருட்டு என்று இன்னொரு பேர் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. ரசிகர் குழுவிலேயே கிடந்த எனக்கும் தோன்றவில்லை.

"இன்னா நதியா, பேசமாட்ற?"

பேச வாய் எடுத்தேன். அதற்குள் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

வழக்கமாக நைனா வளைவுக்கு முன்பே பாட்டை நிறுத்திவிடுவார். பிலால் அண்ணனின் வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று மறந்துவிட்டார். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டார் என்றும் தோன்றுகிறது. பாட்டு அப்போதுதான் முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தது.

'டேய் மணி, கஞ்சி ஆறுது, வந்து குடிச்சிட்டுப் போடா.'

அதன் பின்னாலேயே கிடார் இரைந்து எழுந்தது. அண்ணனின் தொண்டை கிழிந்து வந்தது.

அம்மா கையில் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"யாரு கூப்ட்டது?"

நைனா அவசரமாகப் பாட்டை அணைத்தார்.

"யாரு அவனக் கூப்ட்டதுன்னு கேக்குறேன்."

"நீதாம்மா" என்றேன். "அவன் பாடும்போது நீ கூப்ட்டது. பாட்டோடவே வச்சிட்டான்."

அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் இல்லை. ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள், யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"என் கொரல எதுக்கு வச்சான்? கஞ்சி குடிக்காமத்தான் போனான் அன்னைக்கு. இன்னும் எவ்ளோ தபா கூப்புடுறதுன்னு திட்டினேன். கோவமா வண்டிய எடுத்துக்கினு போய்ட்டான். போன வேகத்துல..."

இவ்வளவு நாளும் இதைத்தான் நாங்கள் காரணம் என்று நினைத்திருந்தோம். சாமைப் பானை பரணேறிய காரணம்.

"கோவமா?" என்றார் நைனா. "உன்கிட்ட கோவமாவா போனான்? சிரிச்சிக்கினே இல்ல இருந்தான் எங்கிட்ட!"

"எப்போ?"

"அன்னைக்குத்தான். புதூர்நாட்டுல பஸ்ஸ வுட்டு எறங்குனான். நம்ம ஜீப்புல வர்ற பாஞ்சாலை பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சு. அது போனு அடிச்சுது. டேய் மணி கஞ்சி ஆறுதுன்னு. ரிங்டோனே அதான வச்சிக்கிது. இவன் திரும்பிப் பாத்தான். இத யாரு உனக்கு ஏத்திக் குடுத்தான்னு கேட்டான். உங்க நைனாதான்டான்னுச்சு. ஆமாடா, கேட்டவங்களுக்கெல்லாம் நாந்தான் ஏத்திக் குடுக்குறேன், கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போன பசங்க வரைக்கும் உன் பாட்டுதான்னு சொன்னேன்."

நைனாவின் முகத்தில் அந்த நாளின் பெருமை அப்படியே இருந்தது.

"அவன் இன்னா சொன்னான்?" பிலால் அண்ணனின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சிரிச்சான். நல்லது நைனான்னான். என் தோள்ல கை போட்டுக்கினு ஜீப்பு வரைக்கும் நடந்து வந்தான்ப்பா. பெரிய புள்ள ஆனப்புறம் அப்டிச் செஞ்சதே இல்ல."

பிலால் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு எனக்குப் போன் பண்ணான்" என்றார், அம்மாவைப் பார்த்து. "வூட்டுக்கு வந்துட்டு, பாற மேல ஏறிப் பண்ணிருக்கான். ஒடனே பாக்கணும், கெளம்பி வர்றேன்னான். உங்க மேல கோவம் இல்லம்மா. எங்கிட்ட வர்ற அவசரம். அதான் கஞ்சி குடிக்கல."

"நெஜமாவா?"

"அல்லா மேல சத்தியமா."

அம்மா அவர் தலையில் கை வைத்தாள். பிறகு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் சத்தம் போட்டு அழுது அன்றுதான் கேட்டேன்.

பிலால் அண்ணன் கிளம்பும்போது வளைவு வரை நானும் கூடப் போனேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"போன்ல இன்னொண்ணும் சொன்னான்" என்றார். "நீ இல்லடா பிலாலு, தப்பு பண்ணிட்டேன், நேர்ல வந்து சொல்றேன்னான். அப்ப யாருடான்னு கேட்டேன். அதக் கேக்காதன்னு வச்சிட்டான். அதுக்கப்புறம் அந்த வளைவு..."

எங்களுக்குக் கீழே மூன்றாவது வளைவு அது. அங்கிருந்தே தெரியும்.

"ஊர்ல ஒருத்தன வுடாம திட்டினவன். ஒரே ஒரு ஆளுக்காக வாய மூடிக்கினான். அத நான் தொறக்கறதா?"

"அப்ப திங்கக்கெழம?"

"நாந்தான் வுட்டேன்னு சொல்லிடுறேன்."

"ஜெயிலுண்ணா! வேல போயிடும்!"

"நைனாகிட்ட எதுவும் சொல்லாத. லீக்குன்னு ஒரு வார்த்த கூட அவரு காதுல வுழ வேணாம். அதுல செத்துருவாரு மனுசன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இப்போது வரை எனக்குத் தெரியவில்லை. தடுத்தால் நைனா, விட்டால் பிலால் அண்ணன். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒருவர் விழுந்தார்.

திரும்பியபோது ஜீப்பின் முன்பக்கத்தைத் திறந்துவைத்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் நைனா. அங்கிருந்து வளைவுவரை மறைவே கிடையாது. சத்தமும் எளிதாக வரும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நதியா, லீக்குன்னா இன்னாம்மா?"

"ஒழுகுறது நைனா."

"அது எனக்குத் தெரியாதா? இதோ, தண்ணி ஊத்துனா எங்க ஓட்டன்னு தெரிஞ்சிடும். பாட்டு எப்டி ஒழுகும்?"

தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு நல்லது நைனான்னானே. அது நல்லதில்லியா?"

"நைனா..."

"சொல்லிட்டுத்தாம்மா குடுத்தான். இன்னும் வெளிய வரல நைனா, ஜீப்புல மட்டும் கேளுன்னான்." அவர் ஜீப்புக்குள் கை விட்டு, பாட்டு இருந்த பென்டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நானு வூட்ல கூடப் போடலியே. ஒரு கல்யாணத்துல போடல. திருவிழாவுல கேட்டாங்க, குடுக்கல. ஜீப்புல மட்டுந்தான் போட்டேன். ஜீப்புல ஏறுனவங்களுக்கு மட்டுந்தான் ஏத்திக் குடுத்தேன்."

இந்த மலையில் ஜீப்பில் ஏறாதவர் யார்? அண்ணன் சொன்னது ஓர் ஓட்டுநர் தனியாக உட்கார்ந்து கேட்கிற ஜீப். நைனாவுக்கு அப்படி ஒரு ஜீப் தெரியாது. காலி ஜீப்பை அவர் ஓட்டியதே கிடையாது.

"பிலாலு எவ்ளோ தூரம் போயிருப்பான்?"

"எதுக்கு நைனா? இருங்க, பொழுது போயிடுச்சு, காலையில..."

"ஒழுக வுட்டது அவன் இல்லியே." அவர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். மூடியை அறைந்து சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். வளைவில் கூலி வேலை முடிந்து வந்த மூன்று பெண்கள் கை காட்டினார்கள். ஜீப் நிற்கவில்லை. பாட்டும் இல்லை. ஆள் ஏற்றாத ஜீப் அப்படிக் குலுங்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து புகையோடு ஒரு வாசனை வந்தது. நான் மறந்தே போயிருந்த வாசனை. பரணிலிருந்து பானை இறங்கியிருந்தது.

அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். இறங்கிப் போகிற விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, வாய்க்கு இரண்டு கையையும் குவித்து, மலை கேட்கக் கூப்பிட்டாள்.

"யோவ், கஞ்சி ஆறுது! வந்து குடிச்சிட்டுப் போய்யா!"

கீழே, மூன்றாவது வளைவில், விளக்கு திரும்பிக்கொண்டிருந்தது.